கனவில் வந்த பாம்பு

கனவில் பாம்பு வந்தால் அலறி எழுவார்கள். ஒருவர் எழுந்ததும் விடிய விடியக் கணக்குப் போட்டார். அவர்தான் ஜெர்மன் ரசாயன விஞ்ஞானி கெக்குலே.

1829-ம் ஆண்டு டார்ம்ஸ்டாட் நகரில் பிறந்தார். கட்டிடக் கலை படிக்கத்தான் கல்லூரிக்குப் போனார். அங்கே லீபிக் என்ற பேராசிரியரின் ரசாயன பாடத்தைக் கேட்டார். கட்டிடத்தை விட்டார். ரசாயனத்தைப் பிடித்துக்கொண்டார்.

மனைவி மறைவு

1858-ல் பெல்ஜியம் நாட்டில் கெண்ட் நகரில் பேராசிரியர் ஆனார். 1862-ல் திருமணம். மணமகள் ஸ்டெபானி, காஸ் தொழிற்சாலை மேலதிகாரியின் மகள். அடுத்த ஆண்டு ஆண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குப் பின் ஸ்டெபானி இறந்து போனார். கைக்குழந்தையோடு கெக்குலே தனியானார்.

விடாத புதிர்

அப்போது ரசாயன நிபுணர்களை ஒரு திரவம் திணற வைத்தது. அது பென்சீன். காஸ் தயாரிக்கும்போது மிஞ்சும் தாரில் இருந்து கிடைப்பது. மாமனார் தொழிலின் கழிவுச் சரக்கு என்றே சொல்லலாம்!

அதில் 6 கரி அணுக்கள், 6 ஹைட்ரஜன் அணுக்கள். கரி அணுவுக்கு 4 கைகள். ஹைட்ரஜனுக்கு ஒரே கை. 6 கரி அணுக்கள் ஒன்றின் கையை ஒன்று பிடித்து வரிசையாக நின்றால், மீதிக் கைகளுக்கு 14 ஹைட்ரஜன் வேண்டும். இருப்பதோ 6. மற்ற கைகள் எங்கே?

ஒரு நாள் இரவு கணப்பு அடுப்பின் அருகே கெக்குலே கண் அயர்ந்தார். அணுக்கள் பாம்பு போல நெளிந்தன. ஒரு பாம்பு தன் வாலையே கவ்விச் சுழன்றது. விழித்துக்கொண்டார். வரிசை இல்லை, வளையம்! ஒவ்வொரு கரி அணுவும் ஹைட்ரஜனுக்கு ஒரு கை, ஒரு பக்கத்துக்கு ஒரு கை, மறு பக்கத்துக்கு இரண்டு கை கொடுத்தது. கணக்கு சரியாகிவிட்டது.

1865-ல் இதை வெளியிட்டார். கனவை மேடையில் சொன்னது 1890-ல், பெர்லினில் நடந்த பாராட்டு விழாவில். அது மெய்யா, பிறகு ஜோடித்ததா என்று இன்றும் வாதாடுகிறார்கள். வளையம் மெய்.

ஒரு குறை

இரட்டைப் பிடி இறுக்கமானது. ஒற்றைப் பிடி தளர்ந்தது. ஆகவே வளையத்தின் பக்கங்கள் சமமாக இருக்கக் கூடாது. சோதனையிலோ வித்தியாசம் தெரியவில்லை. பிடிகள் ஓயாமல் இடம் மாறுகின்றன என்று 1872-ல் கெக்குலே சமாளித்தார். 1896-ல் காலமானார்.

33 ஆண்டுகள் கழித்து, 1929-ல், காத்லீன் லான்ஸ்டேல் என்ற பெண் விஞ்ஞானி எக்ஸ்ரே கதிர்களால் அந்த வளையத்தை அளந்தார். தட்டையான அறுகோணம். 6 பக்கமும் சமம். இடம் மாறும் பிடி எதுவும் இல்லை. மிஞ்சிய 6 எலெக்ட்ரான்களும் வளையம் முழுவதற்கும் பொதுச் சொத்து.

துணிப் பெட்டியில் போடும் அந்துருண்டையில், நாப்தலீன் உருண்டை என்றால், இப்படி இரண்டு வளையங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.