வேலூர் டாக்டரம்மா

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று யூனியன் அண்ணன் கேட்டபோது இரண்டு நாள் முழித்தேன். கவிதை எனக்கு வராது. ஏழாயிரம்பண்ணையில் தீப்பெட்டி ஆபீஸுக்கும் பட்டாசு ஆபீஸுக்கும் வேலைக்குப் போகிற குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். (எங்க பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டோம், ஆபீஸ்தான்!) கடைசியில், நூலகத்தில் படித்த டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

நான் எட்டாவது படிக்கும்போது எங்க சித்தப்பா மருந்து ரூமில் கருகிப் போனார். வெளியே தூக்கிட்டு வந்ததும் ஒருத்தர் பேனா மையை ஊற்றினார், இன்னொருத்தர் தோசை மாவைத் தடவினார். குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் ஊற்ற வேண்டும் என்பது அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. வேனில் போட்டுக்கொண்டு ஓடினோம். முதலில் போன ஆஸ்பத்திரியில் அந்த நேரத்தில் டாக்டர் இல்லை. அடுத்த ஊருக்குப் போகச் சொன்னார்கள். மூன்றாம் நாள் சித்தப்பா போயிட்டார். அந்த ராத்திரி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஐடாவுக்கும் அப்படி ஒரு ராத்திரி உண்டு. அவர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அப்பா, தாத்தா எல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரி டாக்டர்கள். ஆனால் ஐடாவுக்கு இந்த ஊரும் வேண்டாம், இந்த வேலையும் வேண்டாம். அமெரிக்காவில் படித்துவிட்டு, உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் திண்டிவனம் வந்திருந்தார். ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மனைவிக்குப் பிரசவ வேதனை, வந்து பாருங்கள் என்று கெஞ்சினார்கள். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா டாக்டர், அவரைக் கூட்டிப் போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் பார்க்கக் கூடாது என்று மூன்று பேரும் திரும்பிப் போய்விட்டார்கள். விடியும்போது மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். வாசலில் பறைச் சத்தம் கேட்டதாம்.

அதன்பிறகு அந்தப் பெண் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்தார். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். 1900-ல் வேலூர் வந்து, வீட்டிலேயே ஒரு அறையில் வைத்தியம் ஆரம்பித்தார். 1902-ல் 40 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி எழுந்தது. ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடி குடியாத்தம் ரோட்டில் மரத்தடியில் நின்று வைத்தியம் பார்த்தார். அதற்கு முதலில் மாட்டு வண்டி, பிறகு ஒரு பெஜோ கார். மெக்கானிக்கல் பசங்க கவனிக்க: வருஷம் 1909!

ஆனால் எனக்கு அவரிடம் பிடித்தது வைத்தியம் அல்ல. எத்தனை வீட்டுக்குத்தான் ஒருத்தி ஓடுவது என்று யோசித்தாரே, அதுதான். 1909-லேயே நர்ஸ் பள்ளி ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. பெண் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள் என்று பெரிய அதிகாரிகளே சந்தேகப்பட்டார்கள். வந்த விண்ணப்பம் 151! அதில் சிலரைத்தான் எடுக்க முடிந்தது. 1922-ல் 14 பேர் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். அவர்கள் வாங்கியது எல்.எம்.பி. எம்.பி.பி.எஸ். இல்லை, டிப்ளமோதான். நம்மளை மாதிரி! இதைப் படித்தபோது நூலகத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

1930-களின் கடைசியில் இனி பட்டப்படிப்புதான் செல்லும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. பள்ளியை மூட வேண்டிய நிலை. எழுபது வயதில் அந்த அம்மா மறுபடியும் அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பேசிப் பணம் திரட்டினார். 1942-ல் எம்.பி.பி.எஸ். வந்தது. ஆண்களையும் சேர்க்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, பெண்களுக்கென்று பணம் கொடுத்த தோழியே எதிர்த்தார். ஐடா ஒத்துக்கொண்டார். 1947-ல் ஆண்களும் சேர்ந்தார்கள். 1960 மே மாதம் கொடைக்கானலில், 89 வயதில் காலமானார்.

நம்ம தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது 2008-ல். அவசர மருத்துவத்தை தனித் துறையாக மருத்துவக் கவுன்சில் ஏற்றது 2009-ல். ஐடா கதவைத் திறந்து நின்ற ராத்திரிக்கும் இதற்கும் நடுவே நூறு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அவசரத்துக்கு வருகிறவர்களைக் கவனிப்பதும் தனியாகப் படிக்க வேண்டிய படிப்புதான் என்று ஒத்துக்கொள்ள இவ்வளவு காலமா என்று எனக்குக் கோபம்கூட வருகிறது.

என் தங்கச்சி இந்த வருஷம் பிளஸ் டூ முடிக்கிறாள். நர்சிங் படிக்கணும்னு ஒரே பிடிவாதம். ராத்திரி டூட்டி எல்லாம் இருக்கும், வேண்டாம்டி என்கிறாள் அம்மா. போன வாரம் நான் விண்ணப்பம் வாங்கி வந்து அலமாரியில் வைத்திருக்கிறேன். அம்மாவுக்குக் கையெழுத்து போடத் தெரியாது. கைநாட்டு வைக்க மைப்பெட்டியும் சேர்த்தே வாங்கி வந்துவிட்டேன்.