அரண் தந்த பலமும் அகத்திருந்த பகையும்

முறைவைத்து ஆடும் போர் உத்திக் கணினி விளையாட்டுகளில் தற்காத்து நிற்கும் படைக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. குன்றின்மீது நின்றால் 25 விழுக்காடு, சில சுற்றுகள் நகராமல் நிலைகொண்டால் மேலும் 25 விழுக்காடு, மதில் சூழ்ந்த நகருக்குள் இருந்தால் 50 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். இவற்றைக் கூட்டினால் 10 என்னும் பலம் 20 ஆகிவிடும். தாக்குபவர் முதலில் பீரங்கியால் மதிலின் பங்கைக் குறைத்தாக வேண்டும். இல்லையேல் இருமடங்கு படையோடு வர வேண்டும்.

இந்தக் கணக்கை 18-ஆம் நூற்றாண்டில் தன் வாழ்நாள் முழுவதும் போட்டவர் கான் சாகிப் என்று அழைக்கப்பட்ட மருதநாயகம் என்னும் யூசுப் கான். இராமநாதபுரம் சீமையின் பனையூரில் 1725-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர் என்பர். இஸ்லாத்தைத் தழுவிப் படைவீரரான அவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து திருச்சிராப்பள்ளி முற்றுகைக் காலத்தில் பெயர் பெற்றார். பின்னர் கம்பெனியின் சிப்பாய்களுக்கெல்லாம் தளபதியாக உயர்ந்தார்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையைத் தாக்கினார். கோட்டைக்கு வடக்கே விரிந்திருந்த கறுப்பர் நகரம் எளிதில் வீழ்ந்தது. அங்கிருந்து பிரெஞ்சுப் பீரங்கிகள் புனித ஜார்ஜ் கோட்டையைக் குறிவைத்தன. வலுவான மதிலுக்குள் இருந்த கோட்டை தாக்குப்பிடித்தது. யூசுப் கானோ கோட்டைக்கு வெளியே, லாலியின் முதுகுப்புறத்தில் இருந்தார். முற்றுகையிடுபவனுக்கு மதில் கிடையாது. அவனுடைய உயிர்நாடி புதுச்சேரியிலிருந்து வரும் உணவும் வெடிமருந்தும்தான் என்பதை உணர்ந்து, அந்தப் பாதையில் இடைவிடாது இடையூறு செய்தார். 1759 பிப்ரவரியில் பரங்கிமலையில் நடந்த போரிலும் பங்கேற்றார். அதே மாதம் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து சேர, லாலி பின்வாங்கினார்.

அடுத்து அவர் நெல்லைச் சீமையில் கண்டது வேறுவகை அரண். பாளையக்காரர்களின் மண்கோட்டைகள் பீரங்கிக் குண்டுகளை எளிதில் விழுங்கிக்கொண்டன. ஆயினும் 1761-இல் பூலித்தேவரின் நெற்கட்டுஞ்செவலையும் வாசுதேவநல்லூரையும் கைப்பற்றினார். அந்நியருக்காக மண்ணின் மைந்தர்களை ஒடுக்கினார் என்னும் பழியிலிருந்து அவரை விடுவிப்பது எளிதன்று.

மதுரையை ஆண்ட காலத்தில், வரிப்பணத்தை ஆர்க்காட்டு நவாபு முகமது அலியின் வழியாகச் செலுத்த அவர் விரும்பவில்லை. நவாபின் பக்கமே கம்பெனி நின்றது. வளர்த்த கம்பெனியையே எதிர்த்து 1763-இல் அவர் மதுரைக் கோட்டைக்குள் நிலைகொண்டார்.

முந்தைய ஆட்சிகள் விட்டுச்சென்ற மதிலையும் அகழியையும் அவர் செப்பனிட்டிருந்தார். அந்த ஆண்டு வந்த படையை வடகிழக்குப் பருவமழை திருப்பி அனுப்பியது. 1764-இல் மேஜர் சார்லஸ் கேம்பல் மீண்டும் வந்தார். மதிலில் உடைப்பு ஏற்படுத்தி ஜூன் இறுதியில் நடத்திய நேரடித் தாக்குதல் பெரும் உயிர்ச்சேதத்தோடு முறியடிக்கப்பட்டது. சென்னை முற்றுகையின்போது அவரோடு தோள்சேர்ந்து போரிட்ட பிரஸ்டன் அந்தத் தாக்குதலில் படுகாயமுற்று இறந்தார். அதன்பின் கேம்பல் கணக்கை மாற்றினார். மதிலை மோதுவதை விட்டு, கோட்டைக்குள் உணவு செல்லும் வழிகளை அடைத்தார். லாலிக்கு எதிராக யூசுப் கான் கையாண்ட அதே பாடம் அவருக்கே திரும்பி வந்தது.

பசி முற்ற முற்ற உள்ளே ஐயம் முளைத்தது. அக்டோபர் 13 அன்று அவருடைய பிரெஞ்சுத் தளபதி மார்ஷான் உள்ளிட்டோர் அவரைப் பிடித்துக் கட்டி எதிரியிடம் ஒப்படைத்தனர். இரண்டு நாள் கழித்து மதுரைக்கு அருகே தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவர் நினைவாகப் பள்ளிவாசல் நிற்கிறது.

திருவள்ளுவர் அரணுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கி, அதன் கடைசிக் குறளில் எத்தகைய அரணும் உள்ளிருப்போரின் செயல்மாட்சி இன்றேல் பயனற்றது என்று முடிக்கிறார். மதுரைக் கோட்டை 1764-இல் அதை மெய்ப்பித்தது.

சென்னையிலும் அந்த மதில்களின் மிச்சம் உண்டு. ஐதர் அலியின் படையெடுப்புகளுக்குப் பிறகு கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பப்பட்ட மதிலின் ஒரு துண்டு, இராயபுரத்தையொட்டி மாடிப் பூங்காவாக நிற்கிறது. கல்லும் செங்கல்லும் தரும் பலத்தை எண்ணால் குறிக்க முடியும். மதிலுக்குள் இருப்பவர்கள் ஒருவர்மீது ஒருவர் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு விழுக்காடு போட எந்த விளையாட்டாலும் முடிவதில்லை; யூசுப் கானின் கணக்கு பிழைத்தது அந்த ஓர் இடத்தில்தான்.