ஐயத்தைக் கடந்து அருளைக் கண்டவர்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள விவேகானந்தா ஆசிரமத்தை அறியாத இந்து அன்பர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் மிகச் சிலரே. இலங்கைத் தமிழ்ப் பெரியோர்கள் அதனை 1904-ஆம் ஆண்டில் நிறுவினர். சுவாமி விவேகானந்தர் மறைந்து அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. காவித் தலைப்பாகையும் கைகட்டிய கம்பீரமுமாகப் பக்தர்கள் போற்றும் அம்மகான், இளமையில் இறைவன் உண்டா என்று ஐயுற்றுக் கலங்கியவர் ஆவார்.

1863-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் கல்கத்தாவில் தோன்றிய அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் நரேந்திரநாதர். தந்தை விசுவநாத தத்தர் வழக்கறிஞர். தாயார் புவனேசுவரி தேவியார் பக்தியிற் சிறந்தவர். கல்லூரியில் நரேந்திரர் மேனாட்டுத் தத்துவ நூல்களை ஆழ்ந்து கற்றார். காரணத்துக்கும் காரியத்துக்கும் உள்ள தொடர்பையே ஐயுற்றார் ஹியூம். பரம்பொருள் ஒன்று இருப்பினும் அது மனித அறிவுக்கு என்றும் எட்டாது என்றார் ஸ்பென்சர். இவற்றைக் கற்கக் கற்க, அன்னையின் மடியில் பெற்ற நம்பிக்கை ஆட்டங் கண்டது.

அக்காலத்தில் ஐரோப்பாவிலும் இதே புயல் வீசியது. கடவுள் இறந்துபட்டார் என்று ஜெர்மானிய அறிஞர் நீட்சே 1882-ஆம் ஆண்டில் எழுதினார். நம்பிக்கை அழிந்த இடத்தில், எதற்கும் பொருளில்லை என்னும் சூனியவாதம் குடிபுகும் என்பதையும் அவரே உணர்ந்திருந்தார்.

நரேந்திரரோ வெறுமையோடு நின்றுவிடவில்லை. இறைவனைக் கண்டதுண்டா என்று சான்றோர்களைத் தேடிச் சென்று வினவினார். தெளிவான விடை எங்கும் கிட்டவில்லை. 1881-ஆம் ஆண்டில் அறிமுகமான தட்சிணேசுவரத்துத் துறவி இராமகிருஷ்ணர் மட்டுமே, தாம் இறைவனைக் கண்டிருப்பதாகத் தயங்காமல் விடையளித்தார். அப்போதும் நரேந்திரர் உடனே பணிந்துவிடவில்லை. குருவையே பலவாறு சோதித்தார். குருவும் அச்சோதனைகளைப் புன்முறுவலோடு ஏற்றார்.

பெருஞ்சோதனை 1884-ஆம் ஆண்டில் வந்தது. தந்தையார் திடீரென மறைந்தார். கடன் சூழ்ந்தது, உறவினர் வழக்குத் தொடுத்தனர். பட்டம் பெற்ற இளைஞர் வேலை தேடி வெறுங்காலோடு வெயிலில் அலைந்தார். வீட்டிலிருப்போரின் பங்கு குறையலாகாது என்று, வெளியே உண்டுவிட்டதாகக் கூறிப் பட்டினி கிடந்தார். கருணைக் கடவுளின் படைப்பில் இத்துணைத் துயரம் ஏன் என்று வெளிப்படையாகவே கேட்டார். அவர் நாத்திகராகிவிட்டார் என்று ஊரார் பேசினர். குரு மட்டும் அதனை நம்பவில்லை.

குடும்ப வறுமை தீர வேண்டுமாறு கேட்ட சீடரை, காளி சந்நிதிக்கே சென்று வேண்டிக்கொள்ளப் பணித்தார் இராமகிருஷ்ணர். மும்முறை சென்றும் பொருளை வேண்ட நரேந்திரருக்கு நா எழவில்லை. விவேகமும் வைராக்கியமும் ஞானமும் பக்தியுமே வேண்டினார். நூலறிவால் தீராத ஐயம் அச்சந்நிதியில் தணியத் தொடங்கியது.

1886-ஆம் ஆண்டில் குரு மறைந்தபின் பாரதம் முழுதும் நடந்த அவர், 1892-ஆம் ஆண்டு இறுதியில் குமரிமுனைப் பாறையில் தியானித்தார். அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது, வழியில் பினாங்கும் சிங்கப்பூரும் அவர் திருவடி பட்டன. செப்டம்பர் 11-ஆம் நாள் சிகாகோ சர்வ சமயப் பேரவையில் ஆற்றிய உரையால் உலகப் புகழ் பெற்றார்.

1896-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கீல் நகரில் பேராசிரியர் பால் டாய்சன் அவரை வரவேற்றார். டாய்சன் நீட்சேயின் பள்ளித் தோழர். வேதாந்தத்தைப் பற்றி 1883-ஆம் ஆண்டிலேயே நூல் எழுதியவர். ஒரே பள்ளியில் பயின்ற இருவருள் ஒருவர் வெறுமையின் ஆழத்தை அளந்தார். மற்றவர் உபநிடதங்களை நாடினார்.

தாயகம் திரும்பும் வழியில், 1897-ஆம் ஆண்டு ஜனவரியில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இராமநாதபுரத்திலும் தமிழ் மக்கள் அவரைக் கொண்டாடினர். அவ்வாண்டு மே முதல் நாள் இராமகிருஷ்ணா மிஷன் தோன்றியது. 1898-ஆம் ஆண்டில் கல்கத்தாவைப் பிளேக் நோய் அச்சுறுத்தியபோது, மடத்துக்கென வாங்கிய நிலத்தை விற்றேனும் மக்களைக் காக்க அவர் துணிந்தார். 1902-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், தம் 39-ஆம் வயதில் மகாசமாதி அடைந்தார்.

உயர்கல்வி கற்றுத் திரும்பும் பிள்ளைகள் கோயில் எதற்கு, வழிபாடு எதற்கு என்று வினவும்போது பெற்றோர் மனம் வருந்துவது இயல்பே. வினவுவோரைச் சினந்து விலக்கினால் அவர்கள் வெறுமையின் பக்கமே செல்வர். நரேந்திரரின் கேள்விகளுக்கு இராமகிருஷ்ணர் கதவை அடைத்திருந்தால் உலகுக்கு விவேகானந்தர் கிடைத்திருக்கமாட்டார். பொறுமையோடு கேட்டு, வாழ்ந்து காட்டி விடையளிப்பது முதியோர் கடன். விடை கிட்டும்வரை தேடலைக் கைவிடாதிருப்பது இளையோர் கடன். இவ்விரண்டும் கூடும் இல்லந்தோறும் இறையருள் நிலைபெறும்.