நிக்கொலா லூயி டெ லக்காய்

நிக்கொலா லூயி டெ லக்காய் (1713 – மார்ச் 21, 1762) பிரான்சு நாட்டைச் சேர்ந்த வானியலாளரும் நில அளவையாளரும் ஆவார். தென்துருவம் முதல் மகரக் கோடு வரையிலான வானை முதன்முதலில் முறையாக அளந்து பட்டியலிட்டவர் இவரே. தென்வானின் விண்மீன் கொத்துகளையும் விண்முகில்களையும் (நெபுலாக்கள்) தொகுத்த முதல் பட்டியலும் இவருடையதாகும். இன்று பயன்பாட்டிலுள்ள 88 விண்மீன் குழுக்களுள் 14 இவர் உருவாக்கியவை. இப்பணிகளுக்கு இவர் பயன்படுத்திய தொலைநோக்கியின் முகப்பு வில்லை ஏறத்தாழ அரை அங்குல அகலமே கொண்டது.

இளமைக் காலம்

லக்காய் வடகிழக்குப் பிரான்சின் ஆர்டென் பகுதியிலுள்ள ருமீனி என்னும் சிற்றூரில் பிறந்தார். பாரிசு நகரில் இறையியல் பயின்றார். தந்தை இறந்தபோது குடும்பத்தில் பொருள் எதுவும் எஞ்சவில்லை. பூர்போன் கோமகனின் உதவியால் படிப்பைத் தொடர்ந்தார். திருத்தொண்டர் நிலையுடன் சமயப் பயிற்சியை நிறுத்திக்கொண்டு கணிதத்திலும் வானியலிலும் முழுமையாக ஈடுபட்டார். ஆயினும் 'அபே' என்னும் குருமார்க்குரிய பட்டம் வாழ்நாள் முழுவதும் இவர் பெயருடன் வழங்கியது.

பாரிசு வான் ஆய்வகத்தின் தலைவராயிருந்த ஜாக் கசினி இவரது திறமையைக் கண்டு பணியில் சேர்த்துக்கொண்டார். 1738 இல் நாந்து முதல் பயோன் வரையிலான கடற்கரையை அளக்கும் பணியில் லக்காய் பங்கேற்றார். மறு ஆண்டு பிரான்சின் நிரைகோட்டு வில்லை மீண்டும் அளக்கும் பெரும்பணி தொடங்கியது. புவி துருவங்களை நோக்கி நீண்டிருப்பதாக 1718 இல் அறிவித்திருந்தவர் இதே ஜாக் கசினி. புதிய அளவையோ புவி துருவங்களில் தட்டையானது என்பதை உறுதி செய்தது. தம்மை ஆதரித்தவரின் முடிவு தவறென்று காட்டிய அளவையில் இந்த இளைஞரின் பங்கு பெரிது. இதே காலத்தில் மசாரின் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். 1741 இல் அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார். வேதியியலாளர் லவாய்சியர் பிற்காலத்தில் இவரிடம் பயின்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

நன்னம்பிக்கை முனையில்

அக்காலத்தில் தென்வானைப் பற்றி ஐரோப்பியர் அறிந்திருந்தது மிகக் குறைவு. எட்மண்டு ஹேலி 1677 இல் செயின்ட் எலினா தீவிலிருந்து ஏறத்தாழ 340 விண்மீன்களின் இடங்களைக் குறித்திருந்தார். அதற்குப் பின் குறிப்பிடத்தக்க முயற்சி எதுவும் நடைபெறவில்லை. லக்காய் முன்வைத்த திட்டத்தை அறிவியல் கழகமும் அரசும் ஏற்றுக்கொண்டன. 1750 நவம்பரில் கப்பலேறிய அவர் ரியோ டி ஜெனிரோ வழியாக 1751 ஏப்ரலில் கேப் டவுனை அடைந்தார். அந்நகர் அப்போது ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சியில் இருந்தது. ஆளுநர் ரைக் துல்பாக் அவருக்கு வேண்டிய உதவிகளைச் செய்தார். ஸ்ட்ராண்ட் தெருவில் இருந்த ஒரு வீட்டின் பின்புறத்தில் சிறிய வான் ஆய்வகம் ஒன்று எழுந்தது.

அவர் பின்பற்றிய முறை எளிமையானது. ஆனால் கடுமையான பொறுமையைக் கோருவது. எட்டு மடங்கே உருப்பெருக்கும் சிறு தொலைநோக்கியைச் சுவரில் பொருத்திய கால்வட்டக் கருவியுடன் இணைத்து ஒரே திசையில் அசையாமல் வைத்தார். அதன் பார்வைப் புலத்தில் சாய்சதுர வடிவிலான சட்டம் ஒன்று இருந்தது. புவி சுழல்வதால் விண்மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அச்சட்டத்தைக் கடந்து சென்றன. ஒவ்வொன்றும் சட்டத்தினுள் நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் கடிகாரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவ்விரு நேரங்களிலிருந்து விண்மீனின் இடத்தைக் கணக்கிட இயலும். ஒரு பட்டை முடிந்ததும் கருவியைச் சற்றே நகர்த்தி அடுத்த பட்டையைத் தொடங்குவார். தென்கிழக்குக் காற்று புழுதியை வாரி இறைத்தது. காற்றின் கொந்தளிப்பால் விண்மீன்கள் நடுங்கித் தோன்றின. எனினும் 1751 ஆகஸ்டு முதல் 1752 ஜூலை வரை நூற்றுக்கும் மேற்பட்ட இரவுகளில் ஏறத்தாழ 10,000 விண்மீன்களை அவர் குறித்து முடித்தார்.

இப்பயணத்தின்போதே நிலவின் தொலைவும் அளக்கப்பட்டது. கேப் டவுனின் நெடுங்கோட்டுக்கு ஓரளவு அண்மையில் அமைந்த பெர்லின் நகரிலிருந்து லாலாந்து என்னும் பத்தொன்பது வயது இளைஞர் அதே காலத்தில் நிலவை நோக்கினார். இரு இடங்களிலும் நிலவு தோன்றும் திசையிலுள்ள வேறுபாட்டைக் கொண்டு தொலைவு கணக்கிடப்பட்டது.

42 விண்பொருட்கள்

விண்மீன்களைக் குறிக்கும்போது மங்கலான ஒளித்திட்டுகள் பலவும் சட்டத்தைக் கடந்தன. அவற்றுள் 42 ஐ லக்காய் 1755 இல் வெளியிட்டார். சார்ல் மெசியரின் புகழ்பெற்ற பட்டியலின் முதற்பகுதி இதற்குப் பல ஆண்டுகள் கழித்தே வெளிவந்தது. விண்மீன்கள் தென்படாத முகில்கள், முகில் போன்ற விண்மீன் கொத்துகள், முகில் சூழ்ந்த விண்மீன்கள் என மூன்று வகைகள். வகைக்கு 14 பொருட்கள்.

முதல் வகையில் ஒமேகா சென்டாரி, 47 துக்கானே, பெரிய மகெல்லன் முகிலிலுள்ள டரண்டுலா விண்முகில், மெசியர் 83 ஆகியவை உள்ளன. இவை ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதை இன்று அறிவோம். ஒமேகா சென்டாரியும் 47 துக்கானேயும் இலட்சக்கணக்கான விண்மீன்கள் செறிந்த கோளக் கொத்துகள். டரண்டுலா உண்மையான வளிம முகில். மெசியர் 83 ஏறத்தாழ 1.5 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள விண்மீன் பேரடை. அரை அங்குல வில்லையில் இவை அனைத்தும் வால் இல்லாத வால்வெள்ளிகளைப் போன்றே தோன்றும். எனவே வகைப்பாட்டின் குறையைக் கருவியின் குறையாகவே கொள்ள வேண்டும். தெற்குச் சிலுவையிலுள்ள நகைப்பெட்டிக் கொத்து இரண்டாம் வகையிலும், ஈட்டா கரினே விண்முகில் மூன்றாம் வகையிலும் இடம்பெற்றன.

இவற்றுள் பலவற்றைக் காண நன்னம்பிக்கை முனை வரை செல்ல வேண்டியதில்லை. மே மாத இரவுகளில் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் தென்வானில் ஒமேகா சென்டாரியை இருண்ட இடத்தில் வெறுங்கண்ணாலேயே மங்கிய விண்மீன் போலக் காணலாம். லக்காய் கண்ட தோற்றத்தைவிடத் தெளிவான தோற்றத்தைச் சாதாரண இருகண் நோக்கியே தந்துவிடும்.

ஜான் ஹெர்செல் 1834 முதல் 1838 வரை இதே கேப் டவுனில் 18 அங்குலத்துக்கும் மேற்பட்ட விட்டமுடைய ஆடித் தொலைநோக்கியால் ஆய்ந்து 1,700 க்கும் மேற்பட்ட கொத்துகளையும் முகில்களையும் பட்டியலிட்டார்.

புதிய விண்மீன் குழுக்கள்

தென்வானின் வெற்றிடங்களுக்கு லக்காய் அரசர்களின் பெயர்களையோ தொன்மக் கதைகளையோ தேடவில்லை. ஹேலி இங்கிலாந்து மன்னரைச் சிறப்பிக்க அமைத்த 'சார்லசின் கருவாலி மரம்' என்னும் குழுவையும் நீக்கிவிட்டார். கலை, அறிவியல் கருவிகளே இவருடைய தேர்வு: தொலைநோக்கி, நுண்ணோக்கி, ஊசல் கடிகாரம், காற்றுப்பம்பி, திசைகாட்டி, எண்ம அளவி, கவராயம், மூலைமட்டம், உலை, உளி, ஓவியச் சட்டம், சிற்பக்கூடம். தாம் பயன்படுத்திய சாய்சதுரச் சட்டத்துக்கும் வலை என்னும் பெயரில் இடமளித்தார். பதினான்காவது குழு கேப் டவுனின் மேசை மலை. அம்மலையின் உச்சியை வெண்முகில் மூடுவது போல, அக்குழுவின் எல்லையில் பெரிய மகெல்லன் முகில் அமைந்துள்ளது. இக்குழுக்களின் விண்மீன்கள் பெரும்பாலும் மங்கலானவை. பெயருக்குரிய உருவத்தை அவற்றில் காண்பது கடினம். மேசை மலைக் குழுவே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

புவியின் வடிவம் பற்றிய புதிர்

1752 இல் கேப் டவுனிலிருந்து வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டர் நீளமுள்ள நிரைகோட்டு வில்லை லக்காய் அளந்தார். விடை எதிர்பாராததாக இருந்தது. ஒரு பாகையின் நீளம் வேண்டியதைவிட மிகுந்திருந்தது. தென்னரைக்கோளம் வடவரைக்கோளத்தைப் போல் இல்லாமல் வேறு வடிவம் கொண்டது என்றே இதற்குப் பொருள். தம் அளவைகளில் பிழை காணாத லக்காய் முடிவை மாற்றாமல் அப்படியே வெளியிட்டார். புதிர் அவர் காலத்தில் அவிழவில்லை.

சென்னையில் தொடங்கிய இந்தியப் பெரு முக்கோண அளவையில் பணிபுரிந்த ஜார்ஜ் எவரெஸ்டு, உடல்நலம் தேறுவதற்காக 1820 இல் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். அவர் லக்காய் அளந்த இடங்களைப் பார்வையிட்டு, வில்லின் இரு முனைகளுக்கும் அருகிலுள்ள மலைகள் தூக்குநூலைத் தம்பால் ஈர்த்திருக்க வேண்டும் என்று கருதினார். தாமசு மக்லியர் 1841 முதல் 1848 வரை நடத்திய மறு அளவை இதை உறுதிப்படுத்தியது.

இறுதிக் காலம்

லக்காய் 1753 இல் புறப்பட்டு மொரீசியசிலும் ரீயூனியன் தீவிலும் பணியாற்றிய பின் 1754 ஜூனில் பாரிசு திரும்பினார். தமக்குக் கிடைத்த புகழை விரும்பாமல் மசாரின் கல்லூரியிலேயே ஒதுங்கி வாழ்ந்தார். 400 ஒளிமிக்க விண்மீன்களின் துல்லியமான இடங்களை 1757 இல் வெளியிட்டார். நிலவைக் கொண்டு கடலில் நெடுங்கோடு காணும் முறையை மாலுமிகளுக்கு எளிமையாக்க முயன்றார். ஓயாத உழைப்பால் நலிவுற்று 48 ஆம் வயதில் காலமானார்.

தென்வான் நோக்கீடுகளில் 1,942 விண்மீன்களின் இடங்களை மட்டுமே அவரால் கணக்கிட முடிந்தது. அவை 1763 இல் நூலாக வந்தன. எஞ்சியவற்றையும் கணக்கிட்ட முழுப் பட்டியல் இங்கிலாந்தில் 1847 இல்தான் வெளியானது. சூரியனுக்கு அண்மையிலுள்ள லக்காய் 9352 (ஏறத்தாழ 10.7 ஒளியாண்டுகள்), லக்காய் 8760 ஆகிய செங்குறு விண்மீன்கள் அப்பட்டியலின் எண்களாலேயே இன்றும் அழைக்கப்படுகின்றன.