நிலவுக்குப் போகாமலே எரிமலைத் தடம் பிடித்தவர்: யார் இந்த ராபர்ட் வுட்?

நிலவில் என்ன கல் இருக்குன்னு தெரிஞ்சுக்க அங்கே போய்த்தான் ஆகணுமா? தேவையில்லை என்று 1910-லேயே வழி காட்டியவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் வுட்.

யார் இவர்?

1868-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் கான்கார்டில் பிறந்தவர். 1901 முதல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா, அகச்சிவப்பு ஒளியில் படம் எடுப்பதில் முன்னோடி. தோல் டாக்டர்கள் இன்றும் பயன்படுத்தும் 'வுட்ஸ் லேம்ப்' இவர் பெயரில் உள்ளதுதான்.

சோதிக்காமல் எதையும் நம்பமாட்டார். பிரான்சில் பிளாண்ட்லோ என்ற விஞ்ஞானி 'என் கதிர்' என்ற புதிய கதிரைக் கண்டுபிடித்ததாக அறிவித்திருந்தார். 1904-ல் அவரது ஆய்வகத்துக்குப் போன வுட், இருட்டில் கருவியிலிருந்த முப்பட்டகத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். அப்பவும் பிளாண்ட்லோவுக்கு அதே அளவுகள் 'தெரிந்தன'. அப்படி ஒரு கதிரே இல்லை என்பது அம்பலமானது.

நிலவில் என்ன பார்த்தார்?

ஒரே நிலவை வேறு வேறு ஒளியில் படம் எடுத்தார். அரிஸ்டார்கஸ் பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு இடம் மட்டும் புற ஊதா படத்தில் கருப்பாக விழுந்தது. சாதாரண ஒளியில் அந்த வித்தியாசம் தெரியல.

காரணம் இதுதான்: ஒவ்வொரு கனிமமும் சூரிய ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு, மீதியைத் திருப்பி அனுப்பும். எது குறையுது என்று பார்த்தால், கல் எது என்று ஊகிக்கலாம். கந்தகம் லேசாகப் படிந்த எரிமலைப் பாறையும் வுட்டின் சோதனையில் அதே மாதிரி கருத்தது. அதனால் நிலவில் இருப்பதும் கந்தகமாக இருக்கலாம் என்றார்.

அது சரியா?

கந்தகம் என்ற ஊகம் நிற்கவில்லை. ஆனா எரிமலைத் தொடர்பு உண்மை. பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலைக் குழம்பு நீரூற்று போலப் பீறிட்டது. அதன் துளிகள் கீழே விழுவதற்குள் உறைந்து, இரும்புச் சத்துள்ள குட்டிக் கண்ணாடி மணிகளாகின. இப்படிப்பட்ட மணிகளை வேறொரு இடத்திலிருந்து 1972-ல் அப்பல்லோ 17 வீரர்கள் கையோடு எடுத்துவந்தார்கள். 2008-ல் இந்தியாவின் சந்திரயான்-1 சுமந்துசென்ற நாசாவின் கனிம வரைபடக் கருவியும், அரிஸ்டார்கஸ் பகுதியில் எரிமலைக் கண்ணாடி இருப்பதைக் காட்டியது. வுட் சொன்ன பொருள்தான் தப்பு; வழி தப்பில்லை. ஒளியைப் பிரித்துக் கனிமம் தேடும் அந்த வழியில்தான் இன்றைய விண்கலங்களும் வேலை செய்கின்றன.

1955-ல் வுட் காலமானார். நிலவின் மறுபக்கத்தில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் இருக்கு. அந்தப் பக்கத்தை மனிதர்கள் முதன்முதலில் படத்தில் பார்த்ததே 1959-ல்தான்.