மாவுக்கட்டை வெட்டும், தோலை வெட்டாது: யார் இந்த ஹோமர் ஸ்ட்ரைக்கர்?

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூருக்குக் கொஞ்சம் முன்னால், சிறுவாச்சூரில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்த மாதிரி பெரிய ஆஸ்பத்திரி எதிலும், மாவுக்கட்டு பிரிக்கும் நாளில் மெஷின் சத்தம் கேட்டதுமே குழந்தைகள் அலறும். காலோடு சேர்த்து வெட்டிடுமோன்னு பயம். ஆனால் கட்டு விரிந்துவிடும், தோலில் கீறல்கூட இருக்காது.

அந்த மெஷினைக் கொடுத்தவர் ஹோமர் ஸ்ட்ரைக்கர். 1894-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். கொஞ்ச காலம் கிராமத்துப் பள்ளி ஆசிரியர், பிறகு முதல் உலகப் போரில் ராணுவ வீரர். டாக்டர் பட்டம் வாங்கியது 1925-ல், 31 வயதை நெருங்கும்போது. பிறகு கலமசூ நகரில் எலும்பு மருத்துவரானார்.

அப்போது மாவுக்கட்டு பிரிக்க பெரிய கத்தரியும் கைரம்பமும்தான். நோயாளிக்கு வலி, டாக்டருக்கு நேர விரயம். கையில் இருக்கும் கருவி சரியில்லை என்றால் தானே ஒன்றைச் செய்துபார்ப்பது ஸ்ட்ரைக்கர் பழக்கம். நோயாளியைப் புரட்டிப் போடும் கட்டில் அப்படி வந்ததுதான். 1947-ல் காப்புரிமை கிடைத்த கட்டு வெட்டும் மெஷினும் அப்படித்தான்.

அதில் பிளேடு சுற்றாது. ஒரு சில டிகிரிக்குள் இப்படியும் அப்படியுமாக வேகமாக அதிரும். மாவுக்கட்டு விறைப்பானது, அசைய முடியாது. அதனால் பல் அதை அரைத்துவிடும். தோல் இழுபடும், பல்லோடு சேர்ந்து ஆடித் தப்பித்துக்கொள்ளும். ஆனால் பிளேடை அழுத்தி இழுத்தால் தோலும் வெட்டுப்படும். மழுங்கிய பிளேடு சூடேறிச் சுட்டுவிடும். ஃபைபர் கட்டுக்கு அதற்கேற்ற பிளேடு போட்டால்தான் சூடு அடங்கும்.

அவர் தொடங்கிய நிறுவனம் 1964-ல் ஸ்ட்ரைக்கர் கார்ப்பரேஷன் ஆனது. அதை நடத்திவந்த மகன் லீ, 1976-ல் விமான விபத்தில் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1980-ல் ஹோமரும் போனார்.

அதே அதிர்வு இன்று தச்சர் கையிலும் இருக்கிறது. 1967-ல் ஜெர்மனியின் ஃபைன் நிறுவனமும் கட்டு வெட்டும் ரம்பம் செய்தது. அந்த வழியில் வந்ததுதான் மல்டி டூல். காப்புரிமை முடிந்த 2008 வாக்கிலிருந்து எல்லா கம்பெனியும் தயாரிக்க, விலை சரிந்தது.

மெஷின் வாங்குவது சுலபம், பிளேடில்தான் பலரும் ஏமாறுவது. வெறும் மரத்துக்கு ஹை கார்பன் ஸ்டீல் பிளேடு போதும், விலையும் குறைவு. பழைய கதவு நிலை என்றால் உள்ளே ஆணி இருக்கும். அதில் பட்டால் அந்தப் பல் நொடியில் போய்விடும். அங்கே பைமெட்டல் வேண்டும். கடினப்படுத்திய ஸ்க்ரூ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் கார்பைடு பல். டைல் இடுக்கில் இருக்கும் சிமென்டைச் சுரண்ட பல்லே இல்லாத, கார்பைடு துகள் பூசிய பிளேடு. வாங்கும் முன் உங்கள் மெஷினின் மாட்டும் அமைப்பு எதுவென்று பாருங்கள். ஸ்டார்லாக் வகை பிளேடு எல்லா மெஷினிலும் உட்காராது.

கட்டு வெட்டும் மெஷின் தோலை விட்டுவிடுதே என்று மர பிளேடை விரலில் வைத்துப் பார்க்காதீர்கள். அந்தப் பல் மரத்தைக் கடிக்கச் செய்தது, விரலையும் கடிக்கும்.