போத்தனூர் அம்மாவின் மகனும் பாக்டீரியா புள்ளிகளும்

ஆலன் டூரிங் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் பேப்பர்தானே? ஒரு டேப், ஒரு ஹெட், ஒரு ட்ரான்சிஷன் டேபிள். படிச்சோம், எழுதினோம், மறந்தோம். நானும் அப்படித்தான். ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு பாக்டீரியா கூட்டம் எப்படி ஒரு இடத்தில் பரவி நடந்துக்குது என்று சிமுலேட் பண்ணப் போனேன். அங்கேயும் முதல் பேர் இவருடையதுதான்!

இவருடைய அம்மா எத்தல் சாரா ஸ்டோனி 1881-ல் பிறந்தது நம்ம போத்தனூரில். தாத்தா மெட்ராஸ் ரயில்வேயில் சீஃப் இன்ஜினியர். அப்பா மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. ஆனால் ஆலன் பிறந்தது லண்டனில், 1912 ஜூன் 23. அப்பா, அம்மா இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்வந்து கொண்டிருக்க, சின்ன வயதில் அவர் பெரும்பாலும் வளர்ந்தது வேறொரு குடும்பத்தின் வீட்டில். பள்ளியில் ஹாக்கி நடக்கும்போது பையன் மைதான ஓரத்தில் குனிந்து டெய்சிப் பூவைப் பார்த்துக்கொண்டிருப்பதாக அம்மா ஒரு படம் வரைந்திருக்கிறார்.

1936-ல், 24 வயதில், நம்ம சிலபஸில் இருக்கும் அந்த மெஷின். பிறகு இரண்டாம் உலகப் போர். பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மனியின் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைத்த வேலை. இந்தக் கதை சினிமாவாகவே வந்துவிட்டதால் தாண்டிப் போவோம்.

1948-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் போனார். அங்கே அவரைப் பிடித்துக்கொண்ட கேள்வி இது: கரு ஆரம்பத்தில் ஒரே மாதிரி செல்களின் உருண்டை. எது கை, எது கால் என்று யார் சொல்றது? அங்கே லீடர் கிடையாது. ஒவ்வொரு செல்லுக்கும் தெரிவது பக்கத்தில் இருக்கும் கெமிக்கல் மட்டும்தான்.

டிஃப்யூஷன் என்றால் நமக்குத் தெரிந்தது என்ன? தண்ணீரில் விட்ட இங்க் பரவி, எல்லா இடமும் ஒரே நிறமாகும். டூரிங் இதைத் தலைகீழாக்கினார். இரண்டு கெமிக்கல்கள் ஒன்றையொன்று பாதித்து, வேறு வேறு வேகத்தில் பரவினால், அந்த டிஃப்யூஷனே புள்ளியையும் கோட்டையும் உருவாக்கும் என்று கணக்கு போட்டுக் காட்டினார்.

புரியலையா? நம்ம ஹாஸ்டலுக்கு வாங்க. ஒரு ரூமில் பாட்டு சத்தமாக ஓடுது. பக்கத்து ரூமும் சேர்ந்துக்குது, ஆனா மெதுவாத்தான் பரவும். அந்த சத்தத்தால் கிளம்பும் வார்டனோட திட்டு வேகமாக, தூரமாகப் போகும். ஆட்டம் உச்சத்தில் இருக்கும் ரூம் அடங்காது. கொஞ்சம் தள்ளி இருப்பவர்களுக்கு ஆரம்பிக்க தைரியம் வராது. திட்டு எட்டாத தூரத்தில் இன்னொரு ஆட்டம் ஆரம்பிக்கும். மேலிருந்து பார்த்தால் ஹாஸ்டல் முழுக்க சத்தப் புள்ளிகள்!

20 செல்கள் கொண்ட ஒரு வளையத்தை மான்செஸ்டர் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார். மாட்டுத்தோல் போன்ற திட்டுகளைச் சில மணி நேரம் கையாலேயே கணக்கு போட்டு எடுத்தார். கட்டுரை 1952 ஆகஸ்டில் ராயல் சொசைட்டி இதழில் வெளிவந்தது.

அதே 1952-ல்தான் அவர் வாழ்க்கை உடைந்தது. வீட்டில் நடந்த திருட்டைப் பற்றி போலீஸிடம் போனவர், ஒரு ஆணுடன் இருந்த உறவை மறைக்கவில்லை. அது அன்றைய சட்டப்படி குற்றம். மார்ச் மாதம் தண்டனை. ஜெயிலுக்குப் பதிலாக ஒரு வருடம் ஹார்மோன் சிகிச்சை. ரகசிய வேலைக்கான அனுமதியும் போனது. உடலுக்குள் கெமிக்கல் எப்படி உருவத்தைத் தருகிறது என்று எழுதியவரின் உடலுக்குள்ளேயே அரசாங்கம் கெமிக்கலை ஏற்றியது. யோசிச்சுப் பாருங்க.

அப்பவும் அவர் வேலையை விடவில்லை. செடியில் இலைகளும் பூவின் பகுதிகளும் அடுக்கப்படும் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். 1954 ஜூன் 7 அன்று சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41. விசாரணையில் தற்கொலை என்றார்கள். அம்மா அதை ஏற்கவே இல்லை. பிரிட்டன் அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2013-ல்.

அந்தக் கணக்கு கெமிக்கல் சோதனையில் நிரூபணமானது 1990-ல், பிரான்ஸின் போர்தோவில். 2018-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஈ.கோலை பாக்டீரியாவின் ஜீன்களை மாற்றி, இரண்டு சிக்னல் மூலக்கூறுகளால் 'பேச' வைத்தார்கள். ஒன்று தூண்டும், மற்றது அடக்கும். பாக்டீரியா படலத்தில் ஒளிரும் புள்ளிகள் தோன்றின. பிரிட்டிஷ்காரர்கள் நமக்கு எழுதி வைத்துப் போன 377-ஐ நம் உச்ச நீதிமன்றம் மாற்றியதும் அதே 2018-ல்தான்.

என் சிமுலேஷனில் முதலில் இரண்டு கெமிக்கலுக்கும் ஒரே டிஃப்யூஷன் வேகம் கொடுத்துவிட்டேன். ஸ்க்ரீன் முழுக்க ஒரே சாம்பல் நிறம். அடக்குவதன் வேகத்தை மட்டும் ஏற்றினேன். சில நிமிஷத்தில் புள்ளி புள்ளியாக வந்தது. லேப்டாப் முன்னாடி சும்மா உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தேன்.

அடுத்த தடவை போத்தனூர் ஜங்ஷனில் ட்ரெயின் நின்றால், அந்த ஹாக்கி மைதானத்துப் பையனை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.